அனஸ்தீஷியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட் படிப்பு: என் சேர்க்கை வாய்ப்பை நான் தப்பாகக் கணக்கிட்ட கதை

அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்துக் கவனிப்பவர்தான் அனஸ்தீஷியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட். அமெரிக்காவில் அந்தப் படிப்புக்கான பொது விண்ணப்பத் தளமான சி.ஏ.எஸ்.ஏ.ஏ.விலிருந்து என் விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டுவிட்டது என்ற மின்னஞ்சல் வந்த இரவு, நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அதில் என் ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.40 என்று இருந்தது. இரண்டு ஆண்டுகளாக நான் 3.56 என்றே நம்பி, அந்த எண்ணை வைத்தே எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

நான் தமிழ்நாட்டில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். திருமணத்துக்குப் பிறகு நியூஜெர்சிக்கு வந்தேன். உயிரியலும் கரிம வேதியியலும் என் பட்டத்தில் இல்லாததால், இங்குள்ள சமுதாயக் கல்லூரியில் 36 கிரெடிட் படித்தேன். கரிம வேதியியலில் முதல் முறை சி வாங்கி, மறுபடி படித்து ஏ வாங்கியபோது, கல்லூரி பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பொது விண்ணப்பத் தளமோ அப்படிப் பழைய மதிப்பெண்ணை நீக்குவதை ஏற்பதில்லை. எத்தனை முறை எழுதினாலும் அத்தனையையும் கூட்டிச் சராசரி எடுக்கும். நான்கு கிரெடிட் சி சேர்ந்ததும் 36 என்பது 40 ஆகி, 3.56 என்பது 3.40 ஆகிவிட்டது. பல கல்லூரிகள் குறைந்தபட்சமாகச் சொல்வது 3.0 என்றாலும், உண்மையில் இடம் பெற்றவர்களின் சராசரி அதைவிட நன்றாகவே உயரத்தில் இருக்கிறது. அந்தச் சராசரியைச் சில கல்லூரிகள் தாமே வெளியிடுகின்றன. ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான். ஆகவே உங்கள் கல்லூரிச் சான்றிதழின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், திரும்பப் படித்த பாடம், வேறு கல்லூரியில் படித்த ஒற்றைப் பாடம் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நீங்களே கூட்டிப் பாருங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன் பாருங்கள்.

இதைவிட எனக்கு வலித்தது, விண்ணப்பத்துக்குத் தேவையான, மருத்துவமனையில் உடனிருந்து பார்க்கும் எட்டு மணி நேரத்துக்காக அலைந்தது. நியூஜெர்சியில் இத்தொழிலுக்கு உரிமம் கிடையாது. எனவே இங்கே எந்த அறுவை அரங்கிலும் ஓர் அசிஸ்டென்ட்டைப் பார்க்க முடியாது. மயக்கவியல் மருத்துவருடன் இருந்தாலே போதும் என்று சில கல்லூரிகள் ஏற்கின்றன என்றாலும், நான் செய்யப்போகும் வேலையைச் செய்பவர் ஒருவரைப் பார்க்காமல் விண்ணப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. உரிமம் உள்ள வாஷிங்டன் டிசியில் ஒரு மருத்துவமனை இடம் கொடுத்தது. அங்கே காட்ட வேண்டிய காசநோய்ப் பரிசோதனைக்காக, போவதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை மாலை மாண்டூ ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட இடத்தை 48 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில் பார்த்து அளந்தாக வேண்டும் என்பதையும், என் கிளினிக் சனி, ஞாயிறு இரு நாளும் மூடியிருக்கும் என்பதையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. திங்கட்கிழமை இரவு நர்ஸ் அளந்து எழுதிக் கொடுத்த தாளோடு, செவ்வாய் விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் காரோட்டிச் சென்றேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி இரண்டு நேரங்களையும் விரலால் தொட்டுக் காட்டி, இது செல்லாது என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விதி அவர் பக்கம்தான் இருந்தது. ஆனாலும், தாளை முன்கூட்டியே அனுப்பட்டுமா என்று நான் இருமுறை மின்னஞ்சலில் கேட்டபோது, நேரில் கொண்டுவந்தால் போதும் என்று பதில் எழுதியவரும் அவர்தான். இரண்டாம் முறை இரத்தப் பரிசோதனையாகவே செய்துகொண்டேன்; அதற்குத் திரும்பிப் போய்க் காட்ட வேண்டிய தேவை இல்லை. அந்த எட்டு மணி நேரத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சுக்குழாய் பொருத்துவதை அருகில் நின்று பார்த்தேன். மயக்கவியல் மருத்துவர் அறைக்குள் வருவதையும், திட்டம் பேசப்படுவதையும், அவர் அடுத்த அறைக்குப் போன பிறகு அசிஸ்டென்ட் ஒரு நொடியும் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் நிற்பதையும் பார்த்தபின், எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

என் இந்தியப் பட்டத்தின் மதிப்பீடு, ஜிஆர்இ நுழைவுத் தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள் மூன்றும் தடையின்றி முடிந்தன. பழைய ஜிஆர்இ மதிப்பெண் வைத்திருப்பவர்கள் மட்டும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்; ஐந்து ஆண்டு தாண்டினால் அதைக் கல்லூரிகளுக்கு அனுப்ப முடியாது.

விண்ணப்பம் சரிபார்க்கப்படுவதற்கு முன், சமுதாயக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில்தான் மறுபடி சிக்கிக்கொண்டேன். மதிப்பெண் சான்றிதழை அனுப்பிவிட்டோம் என்று மூன்று வாரம் சொன்னார்கள். தளத்தில் வந்து சேரவில்லை. நேரில் போய் நின்றபோதுதான், என் விண்ணப்ப எண் உள்ள கோரிக்கைத் தாளை இணைக்காமல் வெறும் சான்றிதழை மட்டும் அனுப்பியிருந்தது தெரிந்தது. இந்தத் தாளைச் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று நான் முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தேன். குமாஸ்தா அதைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டணம் கட்டச் சொன்னார். நான் நகராமல் நின்று மேற்பார்வையாளரை அழைக்கச் சொன்னேன். கட்டணம் இல்லாமலே அன்று மாலை மின்வழியில் அனுப்பினார்கள். மின்வழி வசதி இருந்தால் அஞ்சலை நாடவே வேண்டாம்.

3.40 என்று தெரிந்தபின் என் பட்டியலைத் திருத்தினேன். உடற்கூறியலை இத்தனை ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கும் இரண்டு கல்லூரிகளை விட்டேன். பட்டம் முடித்தபின் படித்த அறிவியல் பாடங்களைத் தனியாகப் பார்ப்போம் என்று மின்னஞ்சலில் உறுதி சொன்ன ஒன்றைச் சேர்த்தேன். அந்தக் கல்லூரியிலிருந்து நேற்று நேர்காணல் அழைப்பு வந்தது.