பெட்டியில் தேனீ இருக்கிறதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை, களியல் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் பெண்களுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சியும் பெட்டிகளும் கொடுக்கும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. பணம் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகிறது. ஒரு கோடி ரூபாய்க்குக் குறைந்த திட்டங்களுக்கு, அவற்றால் மக்களுக்கு என்ன மாற்றம் வந்தது என்று பார்க்கும் தாக்க மதிப்பீட்டைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் திட்டமோ அந்தத் தொகையைக் கனவில்கூடக் கண்டதில்லை. ஆனாலும் அடுத்த தவணைக்கு முன் மதிப்பீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் கையில் இருந்தவை வருகைப் பதிவேடு, பெட்டி வாங்கியவர்களின் கையெழுத்து, குத்துவிளக்கு ஏற்றும் புகைப்படங்கள். வந்த மதிப்பீட்டாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவை நீங்கள் செய்தவை. அவர்களுக்கு என்ன ஆனது?" என்று கேட்டார்.

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் இங்கே தேன் காலம். மழை மாதங்களில் சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால் தேனீக்கள் கூட்டை விட்டுப் போய்விடும். மார்ச்சில் கணக்கெடுத்தால் எந்தத் திட்டமும் வெற்றிதான்! நாங்கள் மழை ஓய்ந்த பிறகு போனோம். ஒரு வீட்டில் பெட்டியைத் திறந்தால் உள்ளே ரப்பர் பால் வெட்டும் கத்தியும் பழைய கயிறும் இருந்தன. எறும்பு ஏறாதிருக்கத் தாங்குகாலில் வைத்த தண்ணீர்க் கிண்ணம் முழுக்கச் சருகு. பதிவேட்டில் அந்த வீட்டுக்காரர் 'பயனாளி'.

வருமானம் கூடியதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பாட்டி மட்டும், "இல்லை என்று சொன்னால் பெட்டியை எடுத்துக்கொண்டு போவீர்களா, மக்களே?" என்று கேட்டார். அதன்பின் கேள்வியை மாற்றினோம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் நகை அடகில் இருந்ததா, பெட்டி வருவதற்கு முந்தைய ஜூனில் இருந்ததா? அடகுச் சீட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்தே காட்டினார்கள். பெட்டி கொடுக்கும் முன் அவர்கள் நிலை என்ன என்று கணக்கு எடுத்திராத எங்களுக்கு அந்தச் சீட்டுகள்தான் பழைய கணக்கு.

பெட்டி கிடைக்காத பக்கத்து வீடுகளிலும் இதையே கேட்கச் சொன்னார் மதிப்பீட்டாளர். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ஆனால் அங்கும் சில வீடுகளில் நகை திரும்பியிருந்தது; வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணம், நூறு நாள் வேலைத் திட்டக் கூலி என்று காரணம் வேறு. எங்கள் சாதனையாக நாங்கள் காட்டிக்கொண்டிருந்த பெண்களில் சிலர், அப்பா காலத்திலேயே தேனீ வளர்த்த வீட்டுக்காரர்கள். நாங்கள் போகாவிட்டாலும் அவர்கள் தேன் எடுத்திருப்பார்கள். தேனீயையே தொட்டிராத வீடுகளில், முதல் மழையில் யாராவது கூட நின்று பாகு வைக்கக் கற்றுக்கொடுத்த இடங்களில்தான் எங்கள் பங்கு கண்ணுக்குத் தெரிந்தது.

அறிக்கையில் காலிப் பெட்டிகளையும் எழுதினோம். நிர்வாகக் குழுவில் சிலருக்கு முகம் சுண்டியது. நிறுவனம் தவணையை நிறுத்தவில்லை. புதிய பெட்டிகளைக் குறைத்து, மழைக்காலச் சர்க்கரைக்கும் வீடு வீடாகப் போகும் பயிற்சியாளரின் சம்பளத்துக்கும் பணத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தது. இப்போது மாதாந்திரப் படிவத்தின் முதல் கட்டத்தில் வழங்கிய பெட்டிகளின் எண்ணிக்கையை நாங்கள் எழுதுவதில்லை. தேனீ இருக்கும் பெட்டிகளை எழுதுகிறோம்.