அறைக்குள் எஃப்.எம். ஆன்டெனா: இதுவரை செய்து பார்த்தது

என் ட்யூனரில் (ரேடியோ நிலையங்களைப் பிடிக்கும் பெட்டி) பக்கத்து நிலையங்கள் பளிச்சென்று வரும். 98 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் தூரத்து நிலையம் ஒன்று மட்டும் ஸ்டீரியோவில் எப்போதும் இரைச்சலோடுதான் கேட்கும். எனக்குப் பிடித்த நிகழ்ச்சிகள் வருவதோ அதில்தான். கூரைமேல் கம்பி நடாமல், அறைக்குள்ளேயே என்ன செய்ய முடியும் என்று பார்த்து வருகிறேன்.

ட்யூனரோடு வந்த ஒற்றைக் கம்பி பெட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அதை நீட்டிச் சுவரில் ஒட்டியதும் கொஞ்சம் தேறியது. ஆனால் கையால் தொட்டால் தெளிவாகும், விட்டால் இரைச்சல் திரும்பும். நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டா நிற்க முடியும்?

அப்புறம் டைபோல் செய்தேன்: நடுவில் கேபிள் இணைத்து, இருபக்கமும் இரண்டு கைகளாக நீளும் கம்பி ஆன்டெனா. 98 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 3.06 மீட்டர். அதில் பாதியை எடுத்து, கம்பிக்காக 5 சதவீதம் கழித்தால் 1.45 மீட்டர். ஆக, ஒரு கைக்கு 73 சென்டிமீட்டர் அளவில் இரண்டு செம்புக் கம்பிகள். டிவிக்குப் போடும் 75 ஓம் கேபிளின் நடுக்கம்பியை ஒரு கையிலும், மேல்வலையை இன்னொரு கையிலும் பற்றவைத்தேன். நேர் டைபோலின் மின்மறுப்பும் (சிக்னலுக்கு அது காட்டும் தடை) கேபிளைப் போலவே ஏறக்குறைய 73 ஓம் என்பதால் நடுவில் வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் கவலையில்லை. 88 முதல் 108 வரை எல்லாவற்றையும் இதே கம்பிதானே பிடிக்கிறது!

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். டைபோல் தன் பக்கவாட்டில் நன்றாகக் கேட்கும், இரு முனைகளின் திசையில் கேட்காது என்பது பாடம். வீட்டுக்குள் அந்தப் பாடம் பாதிதான் பலிக்கிறது. இரும்பு அலமாரி, ஜன்னல் கம்பி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி எல்லாம் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. நேராக வருவதும் பட்டுத் திரும்புவதும் ஓரிடத்தில் சேர்ந்து வலுக்கும். கால் அலைநீளம், அதாவது முக்கால் மீட்டர் தள்ளினாலே ஒன்றையொன்று அடித்துவிடலாம். அதே சுவரில் ஒரு முழம் நகர்த்தியதற்கு, அலமாரிப் பக்கம் அணைந்து கிடந்த ட்யூனரின் ஸ்டீரியோ விளக்கு ஜன்னல் பக்கம் எரிந்தது. செங்குத்தாகத் திருப்பியும் பார்த்தேன். இந்த நிலையத்துக்குக் கிடைமட்டம்தான் சரி. வேறு சில நிலையங்கள் நிமிர்த்தினால்தான் நன்றாக வருகின்றன. ஒட்டும் நாடாவை அவசரப்பட்டு அழுத்தி ஒட்டாதீர்கள்.

மிச்சமிருந்த உறுமல் ஆன்டெனா சம்பந்தப்பட்டதே இல்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் சிக்கியது ஒரு போன் சார்ஜர். ஒரு எல்.இ.டி. பல்பும் கூட்டுச் சேர்ந்திருந்தது.

பூஸ்டர் வைத்த ஆன்டெனா ஒன்றையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கியது. பக்கத்து நிலையத்தின் வீச்சில் ட்யூனர் திணறி, அதே நிலையம் சம்பந்தமில்லாத இடங்களிலும் முளைத்தது. உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சிக்னல் தளரும் நேரங்களில் மோனோ பொத்தானைத் தட்டிவிடுகிறேன்; இடது, வலது என்று பிரியாமல் ஒரே ஒலியாக வரும். எஃப்.எம்.மில் இரைச்சல் மேல் அதிர்வெண்களில்தான் அதிகம். இடது, வலது வித்தியாசத்தைச் சுமக்கும் பகுதி 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி, அந்த இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் பேச்சு நிகழ்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது டைபோல் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்து 300 ஓம் தட்டை ஒயரில் மடக்கு டைபோல், அதாவது முனைகளில் மடங்கி வளையமாக மூடும் டைபோல். அதன் 300 ஓமை 75 ஓம் கேபிளோடு பொருத்த 4:1 மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய டிவி சாமான்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.