கத்திரிப் பையில் வெள்ளைப் பூஞ்சை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டிவிட்டுப் போனபோது, லாஸ்பேட்டையில் எங்கள் மாடித்தோட்டத்துச் செடிகள் பெரும்பாலும் தப்பிவிட்டன. வினை ஐந்தாறு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கத்திரிச் செடி வைத்திருந்த நான்கு வளர்ப்புப் பைகளின் மேல்மண்ணில், பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. விரலால் கிளறிப் பார்த்தால், அது நூல்நூலாக உள்ளே ஓடி, கடலைப் புண்ணாக்குக் கட்டிகளையே தேடித் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டிகள் என் கைவேலை. புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றச் சோம்பல்பட்டு, புயலுக்கு முந்தைய வாரம் அப்படியே நொறுக்கித் தூவியிருந்தேன்.

உரக்கடைக்காரர் படத்தைப் பார்த்ததுமே காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லிப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கினேனே தவிர, பிரிக்கவில்லை. இவ்வகைப் பூஞ்சை மட்காத பொருளைத் தின்று வாழ்வது. நன்றாக இருக்கும் வேரை அது தொடுவதில்லை. மேலும், அதைக் கொல்ல ஊற்றும் மருந்து, மண்கலவையில் நாமே காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடியையும் பாதிக்கும். அதுவும் ஒரு பூஞ்சைதானே.

பையைச் சாய்த்துப் பார்த்தபோது அடித்துளைகளைத் தென்னை நார்க்கழிவு அடைத்திருந்தது. துளைகளைக் குச்சியால் குத்திவிட்டு, பைகளைச் செங்கல்மேல் ஏற்றினேன். பூஞ்சை வித்துகள் மூச்சில் ஏறாதிருக்க மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கட்டிகளைப் பொறுக்கி மட்குத் தொட்டியில் காய்ந்த சருகோடு போட்டேன். பிறகு மேல்மண்ணைக் கிளறிவிட்டு, நான்கு நாள் தண்ணீர் காட்டவில்லை. மூன்று பைகளில் பூஞ்சை அப்பளம்போல் காய்ந்து உதிர்ந்தது.

தக்காளி நாற்றுத் தட்டின் கதை வேறு. அங்கே வெள்ளையாக எதுவும் தெரியவில்லை; ஆனால் தண்டுகள் மண்மட்டத்தில் நீர்கோத்து, நூலாக இளைத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பித்தியம் போன்ற கிருமிகளால் வரும் நாற்றழுகல் அது. சாய்ந்த நாற்று பிழைக்காது. தட்டோடு கொட்டிக் கழுவி, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற கணக்கில், என் ஒரு சிட்டிகை விதைக்குத் துளி பொடியைப் புரட்டி மறுபடி விதைத்தேன்.

நான்காவது கத்திரிப் பையில் மட்டும் புளித்த வாடை போகவேயில்லை. அடிமண் காற்றுப் புகாமல் கறுத்து அழுகியிருந்தது. செடியைப் பிடுங்கிவிட்டு, மண்ணை மாடியில் வெயிலுக்குப் பரப்பினேன்.