மெயின் ஆஃப், ஆனா ஃபேன் ஓடுது

ஹால் டியூப்லைட் ஒரு வாரமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. டியூபை மாற்றினேன்; புது டியூபும் கண்ணடித்தது. அப்படியென்றால் கோளாறு மேலே, ஒயர்களெல்லாம் சேருகிற ஜங்ஷன் பாக்ஸில்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணனோ நாலு நாளாக "இதோ வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்பதிலேயே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரப்பர் செருப்பு, டெஸ்டர், கட்டிங் பிளேயர் சகிதம் மர ஸ்டூலில் ஏறினேன். "மெயினை ஆஃப் பண்ணிட்டேம்மா, பயப்படாதே" என்று மின்சாரம் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா கேட்டாள்: "அப்ப ஃபேன் ஏண்டா ஓடுது?"

திரும்பிப் பார்த்தேன். ஓடியது.

இன்வெர்ட்டர்! கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, பேட்டரியிலிருந்து ஏறக்குறைய அதே 230 வோல்ட்டை விசுவாசமாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் பட்டனை மட்டும் அணைத்தாலும் போதாது. மெயின் ஆனில் இருந்தால் லைன் கரண்ட் அதன் வழியாகவே நேராகப் போய்விடும். இரண்டையும் அணைக்க வேண்டும். இறங்கி அணைத்தேன். கால் நடுக்கம் மட்டும் ஆஃப் ஆகவில்லை.

மூடியைக் கழற்றியதும் உள்ளே குடியிருந்த பல்லி என் தலையில் குதித்து ஓடியது. அம்மா காலண்டரைப் புரட்டினாள். "வலப்பக்கமா, இடப்பக்கமா?" வலப்பக்கம். "கலகம்னு போட்டிருக்கு."

டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே எல்லா ஒயரும் சிவப்பு. ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பதெல்லாம் வயரிங் செய்த புண்ணியவானுக்குத் தெரியாதா, இல்லை மிச்சமிருந்த ஒரே சுருளில் ஒப்பேற்றினாரா, தெரியவில்லை. ஒரு ஜாயிண்டில் டேப் பாகு மாதிரி உருகி, செம்பு கறுத்திருந்தது. ஜாயிண்ட் லூஸானால் சூடாகும். சூடானால் இன்னும் லூஸாகும். கறுத்ததைச் சுரண்டி, விரலாலேயே முறுக்கி, டேப்பை ஒரு கட்டுப் போட்டேன். லைட் எரிந்தது. பத்து நிமிஷம்.

சாயங்காலம் அண்ணன் வந்தேவிட்டார். ஸ்டூலில் ஏறி, "மெயின் ஆஃப்தானே சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து பதில் வந்தது: "இன்வெர்ட்டரையும் நானே நிறுத்திட்டேன்பா. அவனைக் கேட்காதே."

அப்படியும் ஒவ்வொரு ஒயராக டெஸ்டர் வைத்துப் பார்த்தார். என் ஜாயிண்டை இரண்டு விரலால் இழுத்தார். கையோடு வந்தது.

"யார் சார் இதுல கை வச்சது?"

நான் காலண்டரைப் பார்த்தேன்.

கறுத்த முனைகளை வெட்டி எறிந்தார். கனெக்டருக்குள் போகிற அளவுக்கு மட்டும் புது முனை சீவி, செம்பு வெளியே தெரியாமல் செருகி, ஸ்க்ரூவை இறுக்கினார். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த பிறகே மூடியைப் போட்டார். ஐந்து நிமிஷ வேலை.

ராத்திரி பல்லி திரும்பி வந்து, மூடியைச் சுற்றி உலாவியது. "இனிமே கரண்ட் வேலையில கை வைக்க மாட்டேம்மா" என்றேன். பல்லி சும்மா இருந்தது.

"எங்கே, அடுத்த மாசமே ஸ்டூல் போட்டு ஏறுவான்" என்றாள் அம்மா.

"ச்ச் ச்ச் ச்ச்" என்றது பல்லி.