நட்டஈடு வாங்கினால் வழக்கை விற்றதாகிவிடுமா?

புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று எங்கே போனாலும் இதே கதைதான். நீதிமன்றத்தில் ஒருத்திக்கு நட்டஈடு கிடைத்துவிட்டால் அடுத்த நாளே கடைவாசலில் "காசை வாங்கிக்கொண்டு வழக்கை விட்டிட்டாள்" என்று தொடங்கிவிடுவார்கள். சொல்பவர்களில் பாதிப்பேர் நீதிமன்றப் படி ஏறியதே இல்லை. ஆனால் இந்தப் பேச்சுக்குப் பயந்தே வன்னியில் எத்தனையோ பேர் வாயைத் திறப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கணவர் இல்லை, பால் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். பட்டியில் நின்ற கறவை மாட்டை இரவோடு இரவாகக் கொண்டுபோய் இறைச்சியாக்கிவிட்டார்கள். ஆள் பிடிபட்டான், குற்றத்தையும் ஒத்துக்கொண்டான், தண்டமும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் கிடைத்தன, வழக்கு முடிந்தது. தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும். அக்காவுக்கு ஒரு சதமும் இல்லை. "நான் கேட்கலாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே தம்பி" என்றார்.

கேட்கலாம். இலங்கையின் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கட்டவேண்டும் என்று கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. தவணை முறையிலும் கட்டச் சொல்லலாம். கட்டளையிடலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, இட்டே ஆகவேண்டும் என்று இல்லை, ஆகவே கேட்காமல் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தால் அன்றைய நாள் கிடக்கும் வழக்குக் கட்டுக்குள் உங்கள் மாடு யாருக்கும் ஞாபகம் வராது. 2015 இல் வந்த பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு வழியையும் திறந்தது: குற்றவாளி என்று தீர்த்த பிறகு, தண்டனை சொல்வதற்கு முன், இந்தக் குற்றத்தால் என் உடம்புக்கு, தொழிலுக்கு, வருமானத்துக்கு என்ன நடந்தது என்று நீங்களோ உங்கள் சட்டத்தரணியோ நீதிமன்றத்துக்குச் சொல்லலாம். 2023 இல் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் இந்த வழி இருக்கிறது.

சரி, விற்றது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? இணக்கத்தில் இருந்து. சில சின்னக் குற்றங்களில் இரண்டு பக்கமும் சமாதானமாகிவிட்டால் எதிரி விடுதலையாகிவிடுவான், அதில் கைமாறும் காசைப் பார்த்துத்தான் ஊர் கதைக்கிறது. நட்டஈட்டுக் கட்டளை அப்படியில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்ட பிறகு, தண்டனையோடு சேர்ந்து வருவது அது. புங்குடுதீவு மாணவி வித்தியா கொலை வழக்கில் 2017 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்த அதே தீர்ப்பில்தான் குடும்பத்துக்கு நட்டஈடு கட்டவும் சொன்னார்கள். அந்தக் குடும்பம் வழக்கை விற்றது என்று யாராவது சொல்லுவார்களா? சிவில் வழக்கு போடும் வழியும் அடைபடாது, முன்பு கிடைத்த தொகையை அங்கே கணக்கில் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

காசு கைக்கு வருவது வேறு பாடு. எங்கள் நீதிமன்றங்களில் எதிரிக்கூட்டில் நிற்பவனும் பெரும்பாலும் கூலிக்காரன்தான். கட்டாவிட்டால் தண்டம் அறவிடுவது போல அறவிடலாம், மறியலுக்கும் அனுப்பலாம், ஆனால் மறியலில் இருப்பவன் எங்கிருந்து கட்டுவான்? அதனால் பெரிய தொகை ஒன்றைக் கேட்டு ஏமாறுவதைவிட, அவன் கட்டக்கூடிய மாதத் தவணையைக் கேட்பது புத்தி என்பது என் எண்ணம். தவணை கேட்பது ஏழைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஈஸ்டர் தாக்குதல் தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில் (அது குற்றவியல் வழக்கு இல்லை) 2023 ஜனவரியில் பத்துக் கோடி ரூபா கட்டச் சொல்லப்பட்ட முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் ஒரேயடியாகக் கட்டவில்லை, கொஞ்சம் கட்டிவிட்டு மிச்சத்துக்குக் காலம் கேட்டார்.

நீதிமன்றம் போகும்போது மருந்துத் துண்டு, பால் ஊற்றிய கணக்குக் கொப்பி, மாடு உங்களுடையது என்பதற்கான பத்திரம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பொலிஸ் அதிகாரியிடம் முதலிலேயே "எனக்கு நட்டஈடு வேணும், நீதவான் ஐயாவிட்டச் சொல்லுங்கோ" என்று சொல்லிவையுங்கள். அப்புறம் வழக்கு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தவணைக்காசு கட்டுப்பட்டதா என்று நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.