ஓடாத பாட்டைத் தேடுற ஊரு

இங்க வர்றதுக்கு முன்னாடி, இங்கிலாந்து வடக்குல மான்செஸ்டர் பக்கம் இருக்கிற இந்த விகன் ஊரைப் பத்தி யாராவது தமிழ்ல எழுதியிருக்காங்களான்னு ராத்திரி ராத்திரியா தேடினேன். லண்டன் பத்தி இருக்கு, ஈஸ்ட்ஹாம்ல எந்தக் கடைல முருங்கைக்காய் கிடைக்கும்கிற வரைக்கும் இருக்கு, மான்செஸ்டர் பத்திக்கூட ஓரளவு இருக்கு, விகன்னு போட்டா ஒண்ணுமே வரலை. அதான் நானே எழுதறேன். ஆனா வாடகை எவ்வளவு, இட்லி அரிசி எங்க கிடைக்கும்னு தேடி வந்தவங்களுக்கு இதுல பெருசா ஒண்ணும் தேறாது, இது ரெக்கார்ட் கதை, அதாவது பழைய இசைத்தட்டுக் கதை.

2022 நவம்பர்ல வந்தோம். வைஃப் நர்ஸ், அவங்களுக்குத்தான் வேலை, நான் டிபெண்டன்ட் விசால பெட்டி தூக்கிட்டு வந்தவன். மதுரைல 11 வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன், அது இங்க யாருக்கும் வேணாம், யூகே எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா, யூகே ரெஃபரன்ஸ் இருக்கான்னுதான் கேக்கறாங்க. வேலை குடுத்தாத்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும், யார்கிட்ட சொல்ல. டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், அவ நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்குவா, நான் சத்தம் போடாம கிச்சன்ல உக்காந்து லேப்டாப்ல அப்ளிகேஷன் போட்டுட்டே இருப்பேன், குக்கர் விசில் அடிச்சா அவ எந்திரிச்சுருவான்னு சோத்தை வடிச்சுத்தான் சாப்பிட்டோம். ஒரு நாள் அவளே சொன்னா, "ஏங்க, இப்படியே இருந்தா உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சுரும், எங்க வார்டுல ஒரு அக்கா வீட்டுக்காரர் சாரிட்டி கடைல சும்மா வேலை பார்த்து அதை வச்சு ரெஃபரன்ஸ் வாங்கிட்டாராம், நீங்களும் போங்க"ன்னு.

சாரிட்டி கடைன்னா, ஊர்க்காரங்க வேணாம்னு குடுக்கிற துணிமணி, கப்பு சாசர், புத்தகம் எல்லாத்தையும் வித்து அந்தக் காசை நல்ல காரியத்துக்கு அனுப்புற கடை. சம்பளம் கிடையாது. என்னைப் பின்னாடி ரூம்ல பை பிரிக்க விட்டாங்க. பாதிப் பை செத்துப்போனவங்க வீட்டுல இருந்து வர்றது, கோட் பாக்கெட்ல கைக்குட்டை மடிச்சபடியே இருக்கும், முதல் வாரம் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. ரெக்கார்ட் பக்கம் யாரும் போக மாட்டாங்க, கனம், தூசி, அதனால புதுசா வந்தவன் தலைல கட்டிட்டாங்க. பெருசுக்கு ரெண்டு பவுண்டு, சின்னதுக்கு நாலு எடுத்தா ஒரு பவுண்டு, அவ்வளவுதான் எனக்குச் சொன்ன விலைப்பட்டியல்.

செவ்வாய்க்கிழமை காலைல கடை திறந்ததும் ஒரு பெரியவர் வருவார், எழுபதை நெருங்கற வயசு, நேரா சின்ன ரெக்கார்ட் இருக்கிற டப்பாகிட்டதான் போவார், ரெண்டு விரலால டக்டக்டக்னு தள்ளிட்டே போவார், அந்த வேகத்துல நடுவுல ஒட்டியிருக்கிற லேபிளைப் படிக்கவே முடியாது, கலரை வச்சே கண்டுபிடிக்கிறார்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஒரு செவ்வாய்க்கிழமை நாலு சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கிற சின்ன ரெக்கார்ட்) எடுத்தார், மூணு கிறிஸ்துமஸ் பாட்டு, ஒண்ணு ஏதோ அமெரிக்கக் கம்பெனி ரெக்கார்ட், நடுவுல பெரிய ஓட்டை. ஒரு பவுண்டு குடுத்துட்டு, மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டார். நாலு மாசம் கழிச்சுத்தான், கொஞ்சம் பழகினதுக்கு அப்புறம், அவரே சிரிச்சுட்டே சொன்னார், அந்த அமெரிக்க ரெக்கார்ட் வெளில அறுபது எழுபது பவுண்டு போகுமாம், மத்த மூணும் எனக்குச் சந்தேகம் வராம இருக்க எடுத்ததாம், அதை வீட்டுக்குப் போற வழில இன்னொரு சாரிட்டி கடைல குடுத்துட்டுப் போனாராம். எனக்குக் கோவமே வரலை. எங்க ஊர் மைக்செட் அண்ணன் ஞாபகம்தான் வந்துச்சு. அவரும் இப்படித்தான், தகரப் பெட்டில இசைத்தட்டு வச்சிருப்பார், மாரியம்மன் கோயில் திருவிழால அவர்கிட்ட மட்டும் இருக்கிற ஒரு பாட்டைப் போட்டுட்டு, பக்கத்து ஊர் மைக்செட்காரன் வந்து எட்டிப் பார்த்தா உறையைக் கவுத்து வச்சுருவார்.

அந்தக் கதையைப் பெரியவர்கிட்ட சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, பாதி கையாலயே சொன்னேன். அவர் முகம் மாறிப்போச்சு. "இதையேதான் நாங்களும் பண்ணோம், கவர்-அப்னு சொல்லுவோம்"னார். 70கள்ல இங்க டிஜேங்க ஒரு அபூர்வமான ரெக்கார்ட் கிடைச்சா லேபிள் மேல வெள்ளைப் பேப்பர் ஒட்டி, பாடினவர் பேரையே மாத்திச் சொல்லுவாங்களாம், எதிர் டிஜே போய்த் தேடிப் பிடிச்சுறக் கூடாதுன்னு. அன்னைக்குத்தான் அவர் முதல்தடவையா என்கிட்ட அரைமணி நேரம் நின்னு பேசினார். அதுக்கு முன்னாடி இந்த ஊர்ல என்கிட்ட கேட்டதெல்லாம் எங்க இருந்து வர்றே, வெயில் மிஸ் பண்றியா, இந்த ரெண்டுதான்.

விஷயம் என்னன்னா, இந்த விகன், நிலக்கரியும் பஞ்சாலையும் இருந்த ஊரு, இப்ப கேட்டா பை (pie, உள்ள கறி வச்சுச் சுடறது) திங்கிறவங்கன்னும் ஹெய்ன்ஸ் பீன்ஸ் ஃபேக்டரின்னும் சொல்லுவாங்க, இங்க 1973 செப்டம்பர்ல விகன் கசினோன்னு ஒரு இடம் ஆரம்பிச்சிருக்கு. சீட்டாடுற கசினோ இல்லை, பழைய டான்ஸ் ஹால். சனிக்கிழமை ராத்திரி, அதாவது ஞாயிறு விடிகாலை 2 மணிக்குக் கதவைத் திறந்தா காலைல 8 மணி வரைக்கும் ஆட்டம். வாரம் பூரா ஃபேக்டரில நின்ன பசங்க, பொண்ணுங்க, பஸ் பிடிச்சு, ரயில் பிடிச்சு, ஸ்காட்லாந்துல இருந்தெல்லாம் வருவாங்களாம். சாராயம் கிடையாது. (மாத்திரை உண்டு, அதைப் பத்திப் பெரியவர் ரொம்பப் பேச மாட்டேங்கறார், நானும் நோண்டலை.) கடைசில மூணு பாட்டு, எப்பவும் அதே மூணு, எட்டு மணிக்கு முன்னாடி போடற மூணுன்னே அதுக்குப் பேரு. 1981 டிசம்பர்ல மூடிட்டாங்க, அப்புறம் தீப்பிடிச்சு இடிச்சும் போட்டாங்க. இப்ப அந்த இடத்துலதான் கிராண்ட் ஆர்கேட் மால் இருக்கு, நான் செல்லுக்கு டெம்பர்டு கிளாஸ் மாத்தப் போறேனே அதே மால்.

ஆடினது எந்தப் பாட்டுக்குங்கிறதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு. பெரும்பாலும் அமெரிக்கப் பாட்டு, சோல்னு சொல்ற வகை, டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ்ல கறுப்பினப் பாடகருங்க 60கள்ல பாடினது. அதுலயும் ஹிட் ஆனது இல்லை. ஓடாதது. டெட்ராய்ட்ல மோட்டவுன் கம்பெனி கொடிகட்டிப் பறந்தப்போ அதே மாதிரி சவுண்டுல நாமளும் பண்ணுவோம்னு எத்தனையோ சின்ன லேபிளுங்க, அதாவது ரெக்கார்ட் கம்பெனிங்க, சில நூறு காப்பி அடிப்பாங்க, ரேடியோக்காரங்களுக்கு அனுப்புவாங்க, ரேடியோல போடலைன்னா அவ்வளவுதான், மிச்சம் குடோன்ல கிடக்கும். 60கள் முடியறப்போ அமெரிக்காலயே அந்த ஸ்டைல் மாறி ஃபங்க் பக்கம் போயிடுச்சு. ஆனா இங்க வடக்குல மான்செஸ்டர் ட்விஸ்டட் வீல் மாதிரி கிளப்ல ஆடறவங்களுக்கு அந்தப் பழைய வேகம்தான் வேணும். புதுசா யாரும் அதை அடிக்கலை, ஆடினதையே எத்தனை நாள் ஆடுறது, அப்ப என்ன பண்றது, யாரும் கேக்காத பழசைத் தேடணும். அப்படி ஆரம்பிச்ச வேட்டைதான் இது. லண்டன்ல டேவ் காடின்னு ஒருத்தர் ரெக்கார்ட் கடை வச்சிருந்தார், வடக்குல இருந்து ஃபுட்பால் மேட்ச் பாக்க வர்றவங்க கடைக்குள்ள வந்து புது ரிலீஸ் வேணாம், பழைய வேகப் பாட்டு குடுன்னு கேக்கறதைப் பார்த்து அவர் வச்ச பேருதான் நார்தர்ன் சோல். வடக்கத்தி சோல்னு ஒரு அடையாளத்துக்கு வச்சது, அதுவே நிலைச்சுடுச்சு. பாடினவங்களுக்கு இப்படி ஒண்ணு நடக்கறதே தெரியாதாம், பல வருஷம் கழிச்சு இங்க கூட்டிட்டு வந்து மேடை ஏத்தினப்போ, முப்பது வருஷத்துக்கு முன்னாடி மறந்த பாட்டை ஹால்ல எல்லாரும் கூடவே பாடறதைப் பார்த்து அழுதவங்க உண்டுன்னு பெரியவர் சொன்னார். எட்வின் ஸ்டார்ங்கிற அமெரிக்கப் பாடகர் கடைசில இங்கிலாந்துலயே குடியேறிட்டார், 2003ல நாட்டிங்ஹாம் பக்கத்துலதான் செத்துப்போனார்.

ஓடாத பாட்டு எப்படி ஓடும்கிறதுக்கு ஒரு உதாரணம், குளோரியா ஜோன்ஸ் பாடின டெய்ன்டட் லவ். 60கள் நடுவுல ஒரு சிங்கிளோட பின்பக்கத்துல போட்ட பாட்டு, யாரும் சீண்டலை. இங்க டான்ஸ் ஃப்ளோர்ல எடுத்துக்கிட்டாங்க, 1981ல சாஃப்ட் செல்ங்கிற இங்கிலாந்து குரூப் அதைத் திருப்பிப் பாடி நம்பர் ஒன் ஆயிடுச்சு. விலைக்கு உதாரணம் வேணும்னா ஃபிராங்க் வில்சன். 1965ல மோட்டவுனோட சோல்ங்கிற லேபிள்ல அவர் பாடின ஒரு சிங்கிள், கடைக்கே வரலை, அவர் பாடறதை விட்டுட்டு எழுதறது தயாரிக்கிறதுன்னு போயிட்டார், முன்கூட்டியே அடிச்ச டெமோ காப்பியை அழிச்சுட்டாங்க, மிஞ்சினதுன்னு ரொம்ப நாள் எல்லாருக்கும் தெரிஞ்சது 2 காப்பி. 2009ல 25,742 பவுண்டுக்குப் போச்சு. 2020ல 1 லட்சம் பவுண்டு. நம்ம காசுல ஏறக்குறைய ஒரு கோடி. ரெண்டரை நிமிஷப் பாட்டு. இதையும் முதல்ல கவர்-அப் பண்ணித்தான் ஓட்டியிருக்காங்க, எடி ஃபாஸ்டர்னு வேற ஒருத்தர் பேர்ல.

இதெல்லாம் கேட்டு எனக்கும் ஆசை வந்துருச்சு, அதுல ஒரு அடியும் வாங்கினேன். அதுக்குள்ள ஒரு சின்ன கம்பெனில பேரோல் வேலை கிடைச்சிருந்துச்சு (கடை மேனேஜர் அம்மாதான் ரெஃபரன்ஸ் குடுத்தாங்க, சனிக்கிழமை மட்டும் இன்னும் கடைக்குப் போறேன்). முதல் சம்பளத்துல வைஃபுக்குத் தெரியாம ஆன்லைன்ல 45 பவுண்டுக்கு ஒரு ஒரிஜினல், அதாவது 60கள்லயே அடிச்சதுன்னு சொன்ன சிங்கிள், வாங்கினேன். பெரியவர் அதை உறையில இருந்து எடுத்தார், பாட்டுப் பக்கமே பாக்கலை, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சார். பாட்டு முடியற கோட்டுக்கும் லேபிளுக்கும் நடுவுல பாட்டு இல்லாத ஒரு வழுவழு வட்டம் இருக்கும், அங்க பொடி எழுத்துல நம்பர் இருக்கும், அதுதான் ரெக்கார்டோட ஜாதகம். லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஃபேக்டரில அடிச்சதுன்னா சின்னதா ஒரு முக்கோணமும் பக்கத்துல ஒரு நம்பரும் கீறியிருக்கும். என்னோடதுல முக்கோணமும் இல்லை ஒண்ணும் இல்லை, யாரோ ஆணியால கிறுக்கின மாதிரி நாலு எழுத்து. அப்புறம் விரல் நகத்தால ஓரத்துல தட்டச் சொன்னார், தொப்புன்னு கேட்டுச்சு. அவர் பையில இருந்து இன்னொண்ணு எடுத்துத் தட்டினார், டிங்னு தேங்காய்ச் சிரட்டை மாதிரி. அது ஸ்டைரீன், ஒரு மாதிரி முறுக்கான பிளாஸ்டிக், வளையாது, அமெரிக்காக்காரங்க மலிவுன்னு அதுல நிறைய அடிச்சிருக்காங்க, முள்ளு சரியில்லைன்னா சீக்கிரம் தேஞ்சு கரகரன்னு ஆயிடும். என்னோட ரெக்கார்டோட ஒரிஜினல் ஸ்டைரீன்ல மட்டும்தான் உண்டாம். நான் வாங்கினது வினைல், அதாவது டூப்பு. 45 பவுண்டு போச்சு. வீட்டுல இன்னைக்கு வரைக்கும் சொல்லலை, இதைப் படிச்சாத்தான் தெரியும்.

பெரியவர் ஆறுதல் சொல்றதுக்குத்தான்னு நினைக்கிறேன், அடுத்த சனிக்கிழமை சோல் நைட்டுக்குக் கூப்பிட்டார். ஏதோ சோஷியல் கிளப், மாடிப்படில பழைய கார்ப்பெட் வாசனை, உள்ள ஒரு நூறு பேர், அதுல என் வயசுக்காரங்களை விரல் விட்டு எண்ணிரலாம். டிஜே டேபிள்ல ஒரிஜினல் மட்டும்தான் போடணும், மறுபடி அடிச்சது போட்டா பின்னாடி பேசுவாங்க. மரத்தரை. ஒருத்தர் பையில இருந்து டால்கம் பவுடர் டப்பா எடுத்து தரையில தட்டினார், எனக்கு அப்படியே தெருமுனைல கேரம் போர்டுல போரிக் பவுடர் போட்டுத் தேய்ச்சது கண்ணு முன்னாடி வந்துருச்சு, அதே காரணம்தான், காய் வழுக்கிட்டுப் போகணும், இங்க காலு. அறுபத்தஞ்சு வயசு இருக்கும் ஒரு அம்மா, பெரிய வட்டப் பாவாடை, ஒரே இடத்துல நின்னு பம்பரம் மாதிரி சுத்தி, சரியா தாளம் விழற இடத்துல நின்னாங்க. யாரும் ஜோடியா ஆடலை. அவங்கவங்க தனியா, தலையைக் குனிஞ்சுட்டு, பக்கத்துல யாருன்னுகூடப் பாக்காம ஆடுறாங்க. நான் ஓரமா நின்னு காலை மட்டும் தட்டிட்டு இருந்தேன், பத்து நிமிஷத்துல நானும் உள்ள போயிட்டேன், எனக்கு டப்பாங்குத்துதான் வரும், அதையே கொஞ்சம் மெதுவா ஆடினேன், யாரும் கண்டுக்கலை. இந்த ஊர்ல ரெண்டு வருஷத்துல முதல்தடவையா குளிர்காலத்துல வேர்த்துச்சு.

இப்ப என்கிட்ட 25 சிங்கிள் வைக்கிற சின்னப் பெட்டி ஒண்ணு இருக்கு, உள்ள 11தான் இருக்கு, எதுவும் பத்து பவுண்டுக்கு மேல இல்லை. வீடியோ கால்ல அப்பா பெட்டியைப் பார்த்துட்டு "பாட்டெல்லாம் ஃபோன்லயே வருதேப்பா"ன்னார். ஆமாப்பான்னேன்.

போன மாசம் ஒரு வீடு காலி பண்ணி ரெண்டு அட்டைப்பெட்டி ரெக்கார்ட் வந்துச்சு. பாதிக்கு மேல மிலிட்டரி பேண்ட் வாத்தியம். நடுவுல ஒண்ணு, பெரிய ஓட்டை, ஜன்னல்கிட்ட போய்ச் சாய்ச்சுப் பார்த்தேன், முக்கோணம், பக்கத்துல நம்பர். நகத்தால தட்டினேன், டிங். பெரியவருக்கு எடுத்து வைக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், அப்புறம் விலை தேடிப் பார்த்து 35 பவுண்டு ஸ்டிக்கர் ஒட்டி வழக்கமான டப்பாலயே நடுவுல சொருகிட்டு, செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு ஒரு லீவும் போட்டுக் கடைல நின்னேன். அவர் வந்தார், டக்டக்டக், நின்னார். ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், 25க்குக் கேட்டார். சாரிட்டி காசுங்க, குறைக்க முடியாதுன்னேன். கடைசில 33.