வளித்தடையைப் புறக்கணிக்க

எங்கள் பௌதிக ஆசிரியர் காலமான செய்தி சங்கச் செயலாளர் வழியாக எனக்கு எட்டிய அன்று மாலை, நான் செய்த முதற்காரியம் ஒரு தாளை எடுத்துச் சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்த்ததுதான். அதன் விடையைப் பிறகு சொல்கிறேன். மலருக்காக அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்ட நண்பர், ‘விண்கல் கதையை விட்டுவிடாதே, முடிவிலி’ என்று எச்சரித்திருக்கிறார். நாற்பத்தைந்து ஆண்டுகளாக என்னுடன் ஒட்டிக்கொண்டு கடல் கடந்தும் வந்துவிட்ட அந்தப் பட்டப்பெயரின் வரலாற்றை, மற்றவர்கள் மெருகேற்றி எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுவது பாதுகாப்பானது. ஆசிரியரின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. அந்தச் சிவப்பு மையையும் ‘அலகு எங்கே?’ என்ற கேள்வியையும் அறியாத எவரும் இம்மலரைப் புரட்டப் போவதில்லை.

மூன்றாம் பாடவேளை. முதல் நாள் திருத்திக் கொடுத்த தவணைப் பரீட்சையில் நான்தான் முதலாவது என்பதால், கையை உயர்த்தாமலே பதில் சொல்லும் துணிவு எனக்கு வந்திருந்தது. விண்வெளியில் முடிவிலாத் தூரத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு கல் பூமியின் ஈர்ப்பினால் மட்டும் விழத் தொடங்கினால், தரையைத் தொடும்போது அதன் வேகம் என்ன என்று அவர் கேட்டார். வேகத்தின் வர்க்கம் என்பது ஆர்முடுகலையும் உயரத்தையும் பெருக்கி வருவதன் இருமடங்கு, உயரம் முடிவிலி, ஆகவே வேகமும் முடிவிலி. எழுந்து நின்று அப்படியே சொன்னேன்.

அவர் பிரம்பை எடுத்திருந்தால் இதை என்றோ மறந்திருப்பேன். அவரோ மிகுந்த மரியாதையுடன் என்னை வாங்கின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். ‘முடிவிலி வேகத்தில் வரும் கல்லுக்குச் சக்தியும் முடிவிலி. ஒரு கூழாங்கல் விழுந்தாலே பூமி மிஞ்சாது. அப்படியானால் நீர் இப்போது எதன் மேல் நிற்கிறீர்?’ என்றார். ‘வாங்கின் மேல், சேர்’ என்றேன். குறும்புக்காகச் சொன்னதன்று, எனக்கு உண்மையிலேயே வேறு பதில் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு பக்கத்து வகுப்புக்கும் கேட்டதாகப் பின்னர் சொன்னார்கள்.

நான் நின்றபடியிருக்க, பாடம் நடந்தது. மேலே போகப் போக ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துவிடுவதால், எவ்வளவு தொலைவிலிருந்து விழுந்தாலும் பூமி ஒரு கல்லுக்குக் கொடுக்கக்கூடிய வேகம் செக்கனுக்கு 11.2 கிலோமீற்றரைத் தாண்டாது. பூமியை விட்டுப் போக வேண்டிய தப்பல் வேகமும் அதுவே. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் செக்கனுக்கு 30. இந்தத் தூரத்தில் சூரியனிடமிருந்து தப்புவதற்கான வேகம் 42. பூமியும் அந்த 42-இல் வரும் கல்லும் நேருக்கு நேர் மோதினால் ஏறத்தாழ 72 கிலோமீற்றர். சூரியக் குடும்பத்துக் கல் எதுவும் அதற்கு மேல் வராது. அந்த 11-க்கும் 72-க்கும் இடையில்தான் வானத்திலிருந்து வரும் அத்தனையும் அடங்கும். பின்னர் தன் வழக்கமான மந்திரத்துக்கு வந்தார்: வர்க்கத்தை மறவாதே. செக்கனுக்கு 20 கிலோமீற்றரில் வரும் ஒரு கிலோகிராம் கல்லில் 20 கோடி யூல் சக்தி இருக்கிறது. அது தன் எடையைப்போல் ஏறத்தாழ 48 மடங்கு ரி.என்.ரி. வெடிமருந்துக்குச் சமம். வெடிக்கக் கல்லுக்கு மருந்து தேவையில்லை, வேகமே மருந்து என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதை வேறெங்கும் அவ்வளவு நன்றாக நான் கற்கவில்லை. வாங்கின் மேலிருந்து கரும்பலகை தெளிவாகத் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் இரண்டாம் ஆண்டில் படித்தபோது, அவருடைய விடையும் பிழை என்று கண்டுபிடித்தேன். கைக்கடக்கமான ஒரு கல் வளிமண்டலத்தில் நுழைந்ததும் தன் எதிரே காற்றை நசுக்கிச் சூடேற்றி, மேற்புறம் உருகிக் கரைந்து, ஒரு சில செக்கன்களில் விண்வெளி வேகம் முழுவதையும் இழந்துவிடுகிறது. அதன் பின் ஒளியின்றி, மணிக்குச் சில நூறு கிலோமீற்றர் வேகத்தில் சாதாரணக் கல்லாகவே விழுகிறது. 1954-இல் அலபாமாவில் ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையுள்ள ஒரு கல் கூரையைத் துளைத்து, வானொலிப் பெட்டியில் பட்டுத் தெறித்து, சோபாவில் உறங்கிக்கொண்டிருந்த பெண்ணைத் தாக்கியது. அவருக்குப் பெரிய கன்றல் காயமே எஞ்சியது. 11.2 கிலோமீற்றரில் வந்திருந்தால் அந்த வீடே எஞ்சியிராது. இந்தத் திருத்தத்தை ஆசிரியருக்கு எழுதும் ஆசையை நான் பல ஆண்டுகள் இனிப்பைப்போல் வாயில் அடக்கி வைத்திருந்தேன். எழுதிவிட்டால் தீர்ந்துவிடும் அல்லவா.

காற்றினால் தடுக்க முடியாத பெருங்கற்களின் கதை வேறு. அரிசோனாவில், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் 50 மீற்றர் அளவான இரும்புக் கல் அகழ்ந்த, 1.2 கிலோமீற்றர் அகலமான பள்ளத்தின் விளிம்பில் ஒருமுறை நின்றேன். சுரங்கப் பொறியியலாளர் பரிஞ்சர் 1903 முதல் அங்கே புதைந்திருப்பதாக நம்பிய மாபெரும் இரும்புப் பாறையைத் தேடித் தோண்டிக்கொண்டேயிருந்தார். கல் அவர் நினைத்ததைவிட மிகச் சிறியது, அதிலும் பெரும்பகுதி மோதலிலேயே ஆவியாகியிருக்கும் என்று வானியலாளர் மோல்ற்றன் 1929-இல் கணக்கிட்டுக் காட்டினார். அதே ஆண்டில் பரிஞ்சர் இறந்தார். வர்க்கத்தை மறந்தவர்களில் நான் தனியன் அல்லன் என்ற எண்ணம் அந்த விளிம்பில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஏறத்தாழ 20 மீற்றர் அளவான கல்லொன்று, செக்கனுக்கு 19 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, 30 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்தது. ஒளியைக் கண்டவர்கள் யன்னலோரம் கூடி நிற்க, ஓரிரு நிமிடங்களின் பின் வந்த அதிர்ச்சி அலை கண்ணாடிகளைச் சிதறடித்தது. 1,500 பேரளவில் காயமுற்றனர். மின்னல் வெட்டும்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டு ‘எண்ணுங்கள்’ என்று கட்டளையிட்டவரிடம் படித்த எவரும் அந்த யன்னலருகே போயிருக்கமாட்டார்கள். அன்றிரவே அவருக்கு எழுதினேன். நகரத்துக் கணக்கையும் எழுதி, அலபாமாக் கல்லையும் சேர்த்து, முப்பதாண்டு பழிவாங்கலை மரியாதைச் சொற்களால் பொதிந்து அனுப்பினேன்.

என் கடிதமே திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. ஓரிடத்தில் சிவப்பு வட்டமும், ‘அலகு எங்கே?’ என்ற கேள்வியும். அடியில், ‘வளித்தடையைப் புறக்கணிக்க என்று சொல்லித்தான் அன்று கேள்வியைத் தொடங்கினேன். பதில் சொல்லும் அவசரத்தில் நீர் கேட்கவில்லை. 10-க்கு 8. எப்போது இந்தப் பக்கம்?’ என்று எழுதியிருந்தார்.

அடுத்த விடுமுறையில் நேரிலேயே பதில் சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். அந்த அடுத்த விடுமுறை ஒவ்வோர் ஆண்டும் அடுத்த விடுமுறையாகவே இருந்தது.

தொடக்கத்தில் சொன்ன கணக்கு இது: என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஏறத்தாழ 9,000 கிலோமீற்றர். செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகத்தில், வளித்தடையைப் புறக்கணித்தால், 13 நிமிடம் 24 செக்கன். அலகு போட்டிருக்கிறேன், சேர்.